மெதுவாக ஓத வேண்டிய தொழுகை

கோபம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ருகையாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நின்றுகொண்டிருந்தால் உட்கார வேண்டும். உட்கார்ந்தும் அடங்காவிட்டால் படுத்துவிட வேண்டும். சைத்தானின் தீங்கிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேட வேண்டும். கோபம் நெருப்புச் சாதி, தண்ணீருக்குத்தான் அடங்கும். எழுந்து போய்க் கை, முகம், கால் கழுவி ஒளு செய்ய வேண்டும். முடிச்சூரில் அவள் வீட்டு ஹாலுக்கு மாலையில் குர்ஆன் ஓத வரும் தெருப் பிள்ளைகளுக்கு இதை அவள் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பென்சிலுக்காக அடித்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பிரித்துவிட்டு, "ரெண்டு பேரும் போய் மூஞ்சியக் கழுவிட்டு வாங்க. அப்புறமா யார் மேல தப்புன்னு பார்ப்போம்" என்பாள். திரும்பி வரும்போது பிள்ளைகள் பென்சிலை மறந்திருப்பார்கள்.

மகள் ஹுமைராவின் போன் வந்த வெள்ளிக்கிழமை, ருகையா அடுப்படியில் இருந்தாள். கணவர் ஜக்கரியா ஜும்ஆத் தொழுகைக்குப் போகக் குளித்துவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஹுமைரா காலையிலேயே தாம்பரத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்து வேலைக்கென்று கிளம்பிப் போயிருந்தாள்.

"அம்மா, அடுப்ப ஆஃப் பண்ணிட்டு உட்காரு" என்றாள்.

"ஏண்டி, என்னாச்சு? வண்டியில விழுந்துட்டியா?"

"இல்லம்மா. எனக்கும் இம்தியாஸுக்கும் இப்பதான் ரிஜிஸ்டர் ஆச்சு. சாயந்திரம் பல்லாவரம் பள்ளிவாசல்ல நிக்காஹ். அத்தாவ வரச் சொல்லும்மா. நீயும் வாம்மா."

இம்தியாஸ் என்ற பெயர் அந்த வீட்டுக்குப் புதிதல்ல. மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் காண்ட்ராக்ட்டில் இருப்பவன். வீட்டில் உருது பேசுகிறவர்கள். "நம்ம வழக்கம் வேற, அவங்க வழக்கம் வேற" என்று ருகையா சொல்லிவிட்டாள். ஜக்கரியா படப்பையில் கடை வைத்திருக்கும் தன் அக்கா மகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். ஹுமைரா சில நாள் அழுதாள், பிறகு அழவில்லை. அழாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ருகையா உட்காரவில்லை. கரண்டியைப் பிடித்தபடியே, "உன்கூட யாருடி இருக்கா?" என்று கேட்டாள். கேட்பதற்கு எவ்வளவோ இருக்க, அந்த நேரத்தில் ஏன் அதைக் கேட்டாள் என்று பிற்பாடு அவளுக்கே விளங்கவில்லை.

"மிஸ் இருக்காங்கம்மா. தரேன், பேசு."

போன் கைமாறியது.

"ருகையா, நான்தான்" என்றது குரல். "சாட்சிக் கையெழுத்து நான் போட்டிருக்கேன். முதல்ல நான் சொல்றத..."

ருகையா போனை வைத்துவிட்டாள்.

அது ஹில்டாவின் குரல். முந்தின நாள் மாலை இதே அடுப்படியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ருகையாவுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுப் போனவள் ஹில்டா. கண்ணில் தண்ணீர் வழிய வழிய உரித்தாள். "விடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று ருகையா சொன்னதற்கு, "இருக்கட்டும், நாளைக்கு உனக்கு வேலை இருக்கும்" என்றாள். நாளைக்கு என்ன வேலை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாள்.

ஹில்டா எதிர் வரிசையில் மாடி வீட்டுக்காரி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ருகையாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். அடையாறு பொங்கி முடிச்சூர் முழுகிய வருஷம், ருகையாவின் வீட்டுக்குள் தண்ணீர் ஜன்னல் வரைக்கும் ஏறியபோது, "யோசிக்காதீங்க, மேல ஏறுங்க" என்று கத்தி அழைத்துத் தன் மாடியில் வைத்துக்கொண்டவள். தண்ணீர் வடிந்து, சேறு அள்ளி, சுவர் காயும் வரைக்கும் இரண்டு குடும்பமும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். அதற்கப்புறம் ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போகக் கதவைத் தட்டியது கிடையாது. ஹுமைராவுக்குக் கணக்கு வந்ததே ஹில்டாவின் சாப்பாட்டு மேஜையில்தான். ஹில்டாவின் கணவர் ஞானையா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபோது, மகன் ஆரோன் லீவு முடிந்து கிளம்பிய பிறகு, பல ராத்திரிகள் ருகையாதான் போய் அந்த ஹாலில் துணைக்குப் படுத்தாள். கூடப் பிறந்த அக்காவிடம் சொல்லாததை ஹில்டாவிடம் சொல்லியிருக்கிறாள்.

ஜக்கரியா விஷயத்தைக் கேட்டதும் கட்டிலில் உட்கார்ந்தார். ஜும்ஆவுக்குப் போய்விட்டு வந்து, சாப்பிடாமல், இஸ்திரி போட்ட அதே சட்டையோடு செருப்பை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"பல்லாவரம்."

"உங்களுக்கு வெட்கமா இல்லையா?"

"இருக்கு" என்றார். "ஆனா நான் போகலன்னா, அத்தா இல்லாத புள்ள மாதிரி நிப்பா. நீ வர்றியா?"

ருகையா கதவைச் சாத்திக்கொண்டாள்.

மகள்மேல் வந்த கோபம் வேறு மாதிரியானது. அதில் அழுகை கலந்திருந்தது. அது அழுது அழுது கரைகிற கோபம். ஹில்டாமேல் வந்ததில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. காலையில் எழுந்தால் முதல் நினைப்பு அதுதான். பல் தேய்க்கும்போது, பால் காய்ச்சும்போது, கறிக்கடையில் நிற்கும்போது அந்தக் குரல்: ருகையா, நான்தான்.

அவள் தெரிந்ததையெல்லாம் செய்தாள். உட்கார்ந்தாள், படுத்தாள். ஒளு செய்து ஈரக் கையோடு நின்றாள். தொழுகை விரிப்பான முசல்லாவை விரித்து, தக்பீர் கட்டித் தொழ நின்றால், நாவு ஓதிக்கொண்டிருக்கும், மனம் எதிர் வரிசையில் நிற்கும். எத்தனையாவது ரக்அத் என்று மறந்துபோகும். சுஜூதில் நெற்றியை வைத்துக்கொண்டு, "யா அல்லாஹ், இந்த நெருப்ப எடுத்துடு. என்னால தாங்க முடியல" என்று தமிழிலேயே கேட்டாள். ஒருநாள் கையேந்தியபோது வேறொன்று வாயில் வந்தது. "பிள்ளைய இழக்கறது என்னன்னு அவளுக்கும்..." என்று ஆரம்பித்துவிட்டாள். ஆரோனின் முகம் வந்தது. வெள்ளத்தின்போது அவள் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தவன். அவள் கையைக் கீழே போட்டுவிட்டாள். அநியாயம் செய்யப்பட்டவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில் திரை கிடையாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள். சாபமிட்டுப் பத்துவா கேட்க இருந்தோம் என்ற பயத்தில் அன்று முழுக்கப் பாவமன்னிப்புக் கேட்டு இஸ்திக்ஃபார் ஓதினாள். ஆனால் பயந்ததே ஒழிய மனம் இளகவில்லை.

ஹில்டா போன் செய்தாள். ருகையா எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள். கேட்காமலே அழித்தாள். தெருவில் எதிரே வந்தால் ருகையா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு காய்கறி வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்க்கும் கிளியம்மாள் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"இன்னாம்மா, அந்தம்மா வெளிய வந்தா நீ உள்ள பூடறே? அது சாப்டாம கொள்ளாம உட்காந்துகினு கீது. ஒரு வார்த்த பேசினா இன்னா கொறஞ்சுப் பூடும்?"

"உன் வேலையப் பாரு கிளியம்மா."

"பாத்துகினுதான் கீறேன்" என்று அவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

பிறகு ஹில்டாவே வந்தாள்.

பிற்பகல், அஸர் தொழுகை நேரம். அரையாண்டுப் பரீட்சை லீவு என்பதால் ஓத வரும் பிள்ளைகள் இல்லை. ஜக்கரியா தன் கடைக்குப் போயிருந்தார். ருகையா உள்ளறையில் மேற்கே பார்த்துத் தொழுதுகொண்டிருந்தாள். அறைக்குக் கதவு உண்டு, ஆனால் திறந்திருந்தது. வெளிக் கிரில்லைத் தள்ளும் சத்தம் கேட்டது. அந்தக் கிரில் கீழே உரசும்; தூக்கித் திறக்கத் தெரிந்தவள் வெளியாட்களில் ஒருத்திதான்.

"ருகையா?" என்று கூப்பிட்ட குரல், அவள் தொழுகையில் இருப்பதைப் பார்த்துத் தணிந்தது. "நீ முடிச்சுட்டு வா. நான் வெயிட் பண்றேன்."

பிளாஸ்டிக் நாற்காலி இழுபட்டது.

ருகையா நாலு ரக்அத்தையும் முடித்தாள். வலப்பக்கம் ஸலாம் கொடுத்தாள். இடப்பக்கம் திரும்பியபோது, ஓரக் கண்ணில் ஹில்டாவின் சேலைக் கரையும், வெடிப்பு விழுந்த குதிகாலும் தெரிந்தன. எழுந்து போக வேண்டியதுதான். திட்டுவதென்றாலும் எழுந்து போய்த் திட்டியிருக்கலாம்.

அவள் எழுந்து நின்று, மறுபடியும் தக்பீர் கட்டினாள்.

அஸருக்குப் பிறகு, சூரியன் மறைந்து மஃரிப் வரும் வரைக்கும் உபரித் தொழுகை கிடையாது. அது அவளிடம் ஓதும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விட்டுப்போன பழைய தொழுகைகளுக்கு ஈடாகக் கழா தொழுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அப்படி விட்டுப்போன தொழுகைகள் அவளுக்கு இருக்கத்தான் செய்தன. பிரசவக் காலத்துக்குப் பின்னால் சோம்பலில் விட்டவை, கல்யாண வீடுகளில் விட்டவை. ஆனால் அன்று அவள் நின்றது அவற்றுக்காக அல்ல. இரண்டு, பிறகு மறுபடி இரண்டு. ருகூவில் முதுகு வலிக்கும் வரை குனிந்திருந்தாள். சுஜூதிலிருந்து எழ மனமில்லாமல் கிடந்தாள்.

ஹில்டா பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை எழுந்து போய்த் தானே பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். மின்விசிறியைக் குறைத்தாள். ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, சுவரில் ஏறி, சிவக்க ஆரம்பித்தது. அந்த நேரத்துக்குப் பிறகு கழாவும் தொழக் கூடாது. ருகையா தொழுதாள்.

கடைசியில் நாற்காலி நகர்ந்தது. காலடி அறை வாசல் வரைக்கும் வந்து நின்றது.

"நீ திரும்ப மாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள் ஹில்டா. "பரவாயில்ல. நீ நில்லு. நான் சொல்லிட்டுப் போயிடறேன். எங்க வீட்ல அவர் போனப்போ..."

ருகையா சத்தமாக ஓத ஆரம்பித்தாள்.

பகல் தொழுகையில் மெதுவாகத்தான் ஓத வேண்டும். தன் காதுக்குக் கேட்டால் போதும். அவள் தெருவுக்குக் கேட்கும்படி ஓதினாள். பின்னால் ஹில்டா பேசிக்கொண்டிருந்தாள். ருகையா மூச்சு வாங்க நிறுத்தும் இடங்களில் மட்டும் அந்தப் பேச்சு துண்டு துண்டாக வந்து விழுந்தது. "...அந்தப் பொண்ணு என் கையப் புடிச்சுக்கிட்டு..." என்றது ஒரு துண்டு. "...நான் மட்டும் அன்னிக்கு..." என்றது இன்னொன்று. அடுத்த மூச்சில், "...உன்னத் தவிர எனக்கு..." ருகையா குரலை இன்னும் உயர்த்தினாள். தொண்டை எரிந்தது. ஓதிக்கொண்டிருப்பது குர்ஆனின் எந்த ஸூரா என்றுகூட அவள் கவனத்தில் இல்லை.

அவள் குரல் ஓய்ந்தபோது பின்னாலும் ஓய்ந்திருந்தது. கிரில் தூக்கி மூடப்படும் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் மஃரிப் பாங்கு சொன்னார்கள். ருகையா முசல்லாவிலேயே உட்கார்ந்திருந்தாள். ஜெயித்ததுபோல் இருந்தது. அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கு உடம்பு கூசியது. ஆனாலும் எழுந்து தெருவுக்குப் போகவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் கிளியம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "ஹில்டாம்மா வூட்ட காலி பண்ணிகினு போறாங்கோ. உனக்குத் தெரியாதா?" என்றாள்.

"எங்க?"

"கூடுவாஞ்சேரி. புள்ள அங்க ஃபிளாட்டு வாங்கிக்கீறாராம். ஒண்டியா எதுக்கு இங்க இருக்கணும்னு இட்டுகினு போறாரு. வூட்ட விக்கறதுக்கு ஆள் வந்து பாத்துட்டுப் போயாச்சு."

லாரி வந்த அன்று ருகையா ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ஹுமைரா கணக்குப் போட்ட மேஜையைக் கால் வேறு பலகை வேறாகக் கழற்றி ஏற்றினார்கள். ஹில்டா காருக்குள் ஏறுவதற்கு முன் இந்தப் பக்கம் பார்த்தாளா என்று ருகையாவுக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து அவள் திரையை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஹுமைரா வீட்டுக்கு வந்தது ரமலான் பெருநாளுக்குப் பிறகு. ஜக்கரியா அதற்கு முன்பே இரண்டு மூன்று முறை பல்லாவரம் போய் வந்திருந்தார். "அந்தப் பையன் நல்லா வெச்சிருக்கான். மாமியார் இவளுக்குத் தலை சீவி விடுறாங்க" என்று வந்து சொல்வார். ருகையா கேட்காததுபோல் கேட்டுக்கொள்வாள். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்று ருகையாவே போன் செய்தாள். "என்ன சாப்பிடறே?" என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. மறுவாரமே ஹுமைரா வந்து அவள் மடியில் தலை வைத்துப் படுத்துவிட்டாள். இம்தியாஸ் ஹாலில் கூச்சத்தோடு உட்கார்ந்து, நீட்டியதையெல்லாம் சாப்பிட்டான். மகளை மன்னிப்பது அவ்வளவு சுலபமாக நடந்தது. சொல்லப்போனால் மன்னித்த நிமிஷம் எது என்றே தெரியவில்லை.

சாயங்காலம் ஹுமைரா எதிர் வீட்டைப் பார்த்தபடி நின்றாள். அங்கே யாரோ புதியவர்கள் துணி காயப் போட்டிருந்தார்கள்.

"மிஸ்கிட்ட பேசினியாம்மா?"

"அந்தப் பேச்ச எடுக்காதே."

"அம்மா, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." ஹுமைரா உள்ளே வந்து உட்கார்ந்தாள். "நாங்க பெங்களூருக்குப் போயிடறதா இருந்தோம். டிக்கெட் எடுத்தாச்சு. மிஸ்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போகலாம்னு போனேன். அவங்க என்னை விடவே இல்ல. 'உங்கம்மாகிட்ட நான் பேசறேன்'னாங்க. நான் அவங்க கையப் புடிச்சுக்கிட்டு, சொன்னா மருந்து குடிச்சுருவேன்னு சொல்லிட்டேம்மா."

"என்னடி சொல்றே?"

"ஆமாம்மா. அதுக்கு மேல அவங்க என்ன பண்ணுவாங்க? 'ஓடிப் போகாதே, இங்கயே ரிஜிஸ்டர் பண்ணு, நானே வந்து நிக்கறேன். ஆனா முடிஞ்ச நிமிஷமே அம்மாவுக்குப் போன் பண்ணணும், அத்தா இல்லாம நிக்காஹ் நடக்கக் கூடாது'ன்னாங்க. அதுக்கு ஒத்துக்கிட்டப்புறம்தான் வந்தாங்க. அங்க வந்து ஒரே அழுகை. 'உங்கம்மா என்னை மன்னிக்க மாட்டா'ன்னு சொல்லிக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டாங்க."

"இத ஏண்டி இத்தன நாள் என்கிட்ட சொல்லல?"

"நீ என் போன எடுத்தியாம்மா? மிஸ்தான் வந்து சொல்றேன்னாங்க. வந்து சொன்னாங்களே? நீ ஒண்ணுமே பேசலன்னு சொன்னாங்க."

ருகையா எழுந்து போய் முகம் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த வெங்காயம் உரித்த மாலை முழுதாக நினைவுக்கு வந்தது. ஹில்டா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. "ஹுமைரா மனசுல என்ன இருக்குன்னு கேட்டியா, ருகையா? இன்னிக்கு ஒரு தடவ கேட்டுப் பாரேன்" என்று அவள் சொன்னாள். "அத விடுங்கக்கா, அவங்க அத்தா வாக்குக் குடுத்தாச்சு" என்று ருகையாதான் பேச்சை வெட்டினாள். வெட்டிவிட்டு அரிசி விலையைப் பற்றிப் பேசினாள். இத்தனை மாதங்களாகக் கோபத்துக்குத் தோதான பாதியை மட்டும் அவள் நினைவில் வைத்திருந்தாள்.

அன்று இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு அவள் வெகுநேரம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்தாள். தொழுகையைக் கேடயமாகப் பிடித்ததற்கு, கூடாத நேரத்தில் நின்றதற்கு, இறைவனின் வார்த்தையை ஒரு மனுஷியின் வாயை அடைக்க எடுத்ததற்கு. அதையெல்லாம் அவன் மன்னிப்பான் என்று நம்பினாள். ஆனால் ஒரு மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும். அதுவும் அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

ஹுமைராவும் வருகிறேன் என்றாள். ருகையா வேண்டாம் என்றுவிட்டாள். ஹில்டாவுக்குப் பிடிக்குமென்று ரவையில் இனிப்புத் தம்ரூட் செய்து எடுத்துக்கொண்டு, தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயிலில் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் பெண்கள் பெட்டியில் கூட்டமில்லை. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பெருங்களத்தூர் தாண்டும்போது சரியாக வந்தது. ஊரப்பாக்கத்தில் மறந்துபோனது.

கதவைத் திறந்தது ஆரோனின் மனைவி ஹெப்சி. "அத்தை, யாரு வந்திருக்காங்கன்னு பாருங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

ஹில்டா வந்தாள். மெலிந்திருந்தாள். சேலைக்குப் பதிலாக நைட்டியும் தோளில் ஒரு துண்டும். ருகையாவைப் பார்த்ததும் முகத்தில் ஏதோ ஒன்று எழுந்து வந்து, பாதி வழியில் நின்றுவிட்டது.

"வாங்க ருகையா" என்றாள். "உட்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

வாங்க. உட்காருங்க. ருகையா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தம்ரூட் டப்பாவை நீட்டினாள்.

"எதுக்கு இதெல்லாம்? எனக்கு இப்ப சுகர். டாக்டர் தொடவே கூடாதுங்கறார். ஹெப்சி, இத எடுத்து வைம்மா. நீங்க சாப்பிடுவீங்க."

"எப்பக்கா வந்துச்சு?"

"போன வருஷக் கடைசியில. ஒருநாள் தலை சுத்தி விழுந்துட்டேன். அதான் ஆரோன் தனியா இருக்க வேண்டாம்னு கூட்டிட்டு வந்துட்டான்." அவள் சாதாரணமாகச் சொன்னாள். "ஹுமைரா நல்லா இருக்காளா? மாசம் எத்தனை?"

எதிர் வீட்டில் அவள் மயங்கி விழுந்திருக்கிறாள். கிளியம்மாள் நிச்சயம் வந்து சொல்லியிருப்பாள். என்ன சொல்லிக் கிளியம்மாளின் பேச்சை வெட்டி அனுப்பினோம் என்று ருகையாவுக்கு நினைவில்லை. ஹெப்சி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

"அக்கா, ஹுமைரா எல்லாம் சொல்லிட்டா" என்றாள் ருகையா. ரயிலில் சொல்லிப் பார்த்தது எதுவும் வரவில்லை. "எனக்குத் தெரியாம போச்சு. தெரிஞ்சுக்கவும் நான் விடல. அன்னிக்கு நான் தொழல அக்கா. உங்க முகத்தப் பார்க்கக் கூடாதுன்னுதான் நின்னேன். நீங்க பேசறது காதுல விழக் கூடாதுன்னுதான் கத்தினேன். என்னை மன்னிச்சுடுங்க."

ஹில்டா தன் டீயை ஆற்றினாள். "அன்னிக்கே மன்னிச்சுட்டேன். வீட்டுக்குப் போய் முழங்கால் போட்டு, கர்த்தர்கிட்ட சொல்லிட்டுத்தான் படுத்தேன். மனசுல எதுவும் வெச்சுக்கல. உங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது. பெத்தவங்க. நான் உங்ககிட்ட மறைச்சதும் மறைச்சதுதானே."

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க? அவ அப்படி மிரட்டினா..."

"இல்ல. வேற வழி இருந்திருக்கும். எனக்குத்தான் தெரியல."

ருகையா அவள் கையைப் பிடித்தாள். ஹில்டா கையை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"அக்கா, அன்னிக்கு வாசல்ல நின்னு என்ன சொன்னீங்க? எனக்குத் துண்டு துண்டாத்தான் கேட்டுச்சு. 'உன்னத் தவிர எனக்கு'ன்னு ஏதோ சொன்னீங்க. அத இப்ப சொல்லுங்கக்கா."

ஹில்டா ஜன்னல் பக்கம் பார்த்தாள். கீழே ஜிஎஸ்டி சாலையில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

"அத திரும்பச் சொல்ல வராது, ருகையா. அத அன்னிக்கு ஒரு தடவ சொல்றதுக்கே எவ்வளவு நாள் ஆச்சு தெரியுமா? தெருவுல நடந்து வரும்போதே நாலு தரம் திரும்பிப் போயிடலாம்னு பார்த்தேன்." குரலை மாற்றிக்கொண்டாள். "விடுங்க. பழசு. டீ ஆறிடுச்சு பாருங்க, வேற போடச் சொல்லட்டுமா?"

"வேண்டாங்கக்கா."

பிறகு கொஞ்ச நேரம் ஃபிளாட்டில் தண்ணீர் எப்படி, சர்ச் பக்கத்தில் இருக்கிறதா, ஆரோனுக்கு ஷிஃப்ட் எத்தனை மணிக்கு என்று பேசினார்கள். எல்லாவற்றுக்கும் ஹில்டா நன்றாகவே பதில் சொன்னாள். லிஃப்ட் வரை வந்து பட்டனை அமுக்கிவிட்டாள். "டெலிவரி ஆனதும் சொல்லுங்க. கண்டிப்பா ஜெபத்துல வெச்சுக்கறேன். பார்த்துப் போங்க" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர்களிடம் பேசுகிற அன்பு அது.

ருகையா வீட்டுக்கு வந்தபோது ஜக்கரியா ஹாலில் செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். மின்சாரம் இல்லை.

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"டீ குடுத்தாங்க. வாங்க, போங்கன்னு பேசினாங்க."

ஜக்கரியா விசிறுவதை நிறுத்தினார். "மன்னிச்சாங்களா இல்லையா?"

"அன்னிக்கே மன்னிச்சுட்டாங்களாம்."

"அப்புறம் ஏன் அழறே?"

ருகையா முக்காட்டின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"திட்டியிருந்தாங்கன்னா, நாளைக்கும் போயிருப்பேங்க."